அரசு ஊழியர் சம்பளம்: ஆட்சியாளர்கள் எப்படிக் கையாள வேண்டும்?

2019 ஜனவரி மாதக் கடைசி வாரத்தில் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு விதமான வேலை நிறுத்தங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன.

ஒன்று, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளின் பட்டாசு ஆலைகள் மூடிக் கிடந்தது. பேரியம் உப்பைப் பயன்படுத்தக் கூடாது, பசுமைப் பட்டாசுதான் தயாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. இந்த நிபந்தனைகளோடு பட்டாசு தயாரிக்க முடியாது என்று சொல்லி நவம்பரில் மூடப்பட்ட ஆலைகள், மார்ச் மாதம்தான் திறந்தன. அந்த நான்கு மாதமும் சரவெடி பின்னும் பெண்களுக்கும் மருந்து செலுத்தும் ஆண்களுக்கும் கூலி இல்லை.

இன்னொன்று, ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் வேலை நிறுத்தம். பழைய ஓய்வூதியத் திட்டம் வேண்டும், 21 மாத ஊதிய நிலுவை வேண்டும் என்ற கோரிக்கைகளோடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜனவரி 22 முதல் 30 வரை தமிழகம் முழுவதும் பணிக்குச் செல்லவில்லை. பல அரசுப் பள்ளிகளில் பாடம் நடக்கவில்லை.

பட்டாசுத் தொழிலாளியின் வீட்டில் அந்த வாரம் என்ன பேசியிருப்பார்கள் என்று யூகிப்பது கடினமல்ல. "நமக்குக் கூலியே இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்னும் வேண்டும் என்கிறார்கள்." இந்தக் கோபத்தைத் தமிழகத்தில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். நம் வீடுகளிலும் கேட்கலாம். கடை வைத்திருப்பவருக்கு ஓய்வூதியம் கிடையாது. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துத் திரும்பியவருக்கும் மாத ஓய்வூதியம் கிடையாது.

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா? அரசு ஊழியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆட்சியாளர்கள் என்ன செய்ய வேண்டும்? இவற்றை விளங்கிக்கொள்ள, முதலில் இந்தச் சம்பளம் எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொள்வோம்.

சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது?

மத்திய அரசு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊதியக் குழு அமைக்கிறது. அதன் பரிந்துரையைத் தழுவி மாநில அரசுகள் தங்கள் ஊழியர்களின் ஊதியத்தை மாற்றியமைக்கின்றன. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைப் பின்பற்றித் தமிழக அரசு 2017 அக்டோபரில் ஊதிய உயர்வை அறிவித்தது. அதன்படி குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 6,100 ரூபாயிலிருந்து 15,700 ரூபாயாகவும், அதிகபட்சம் 77,000 ரூபாயிலிருந்து 2,25,000 ரூபாயாகவும் ஆனது. உயர்வு 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டாலும் பணம் 2017 அக்டோபர் முதல்தான் கையில் வந்தது. இடைப்பட்ட 21 மாதத்தைத்தான் 2019 போராட்டத்தில் நிலுவை என்று கேட்டார்கள்.

பார்ப்பதற்கு இது பெரிய தாவலாகத் தெரியும். ஆனால், பழைய அடிப்படை ஊதியத்தோடு அதுவரை தனியாகக் கொடுத்துவந்த அகவிலைப்படியும் சேர்க்கப்பட்டதால் வந்த எண் அது. கையில் வாங்கும் தொகையில் கிடைத்த உண்மையான உயர்வு இதைவிட மிகக் குறைவு. "சம்பளம் இரண்டரை மடங்கு உயர்ந்துவிட்டது" என்று அப்போது பரவிய பேச்சு தவறானது.

அகவிலைப்படி என்பது விலைவாசிக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து, ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை இது கணக்கிடப்படுகிறது. அரிசி, பருப்பு, வாடகை விலை ஏறினால் இதுவும் ஏறும். ஒவ்வொரு முறை அறிவிக்கும்போதும் தமிழகத்தில் ஊழியர்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள் என்று சுமார் 16 லட்சம் பேர் பயன் பெறுவதாக அரசு சொல்கிறது.

பட்டாசுத் தொழிலாளியின் கூலிக்கு இப்படித் தானாக ஏறும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. பெரும்பாலும் செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பெய்தால் காய வைக்க வெயில் இல்லை, வேலை இல்லை. விபத்துக்குப் பின் ஆய்வு என்று ஆலையை மூடினாலும் வேலை இல்லை. ஆகவே அரசு ஊழியருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் பணத்தின் அளவில் மட்டும் இல்லை. ஒருவருக்கு விதி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வரவில் எவ்வளவு போகிறது?

தமிழக அரசின் 2025-26 வரவு-செலவுத் திட்ட மதிப்பீட்டில் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். அதில் சம்பளத்துக்குச் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்காலப் பலன்களுக்கும் சுமார் 41,000 கோடி, வாங்கிய கடனுக்கு வட்டியாகச் சுமார் 70,000 கோடி ஒதுக்கப்பட்டது.

ஒரு ரூபாய்க் கணக்கில் சொன்னால், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் சம்பளத்துக்கு 27 காசு, ஓய்வூதியத்துக்கு 12 காசு, வட்டிக்கு 21 காசு. ஆக 60 காசு, புதிதாக ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே போய்விடுகிறது. மீதி 40 காசிலும், அதற்கு மேல் வாங்கும் கடனிலும்தான் மானியம், உதவித்தொகை, சாலை, மருந்து எல்லாம்.

இதைச் சொல்லி, "பாருங்கள், அரசு ஊழியர்களே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறார்கள்" என்று முடிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அந்த 27 காசு யாருக்குப் போகிறது? அரசுப் பள்ளி ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர், தீயணைப்பு வீரர், காவலர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோருக்கு. அரசின் வேலை பெரும்பாலும் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்யும் வேலை. செவிலியரின் சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்றும் மருந்தின் விலையை "மக்கள் நலச் செலவு" என்றும் பிரிப்பது கணக்குக்குச் சரி. ஆனால், நோயாளிக்கு இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சை.

சிவகாசிப் பகுதியை வைத்தே இதைப் பார்க்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒரு நாளில் தொழிலாளியின் குடும்பம் யாரை நம்பி நிற்கிறது? தீயணைப்பு வண்டியை, அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை, விபத்துக்கு முன்பே ஆலையைச் சோதித்திருக்க வேண்டிய ஆய்வாளரை. வசதி உள்ளவர் தனியார் பள்ளிக்கும் தனியார் மருத்துவமனைக்கும் போய்விடலாம். கூலித் தொழிலாளிக்கு அரசு ஊழியரைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்த ஊழியர் மனம் வெறுத்து வேலை செய்தாலோ, அந்த இடமே காலியாகக் கிடந்தாலோ, முதலில் பாதிக்கப்படுவது அவர்தான்.

ஆகவே கேள்வி, சம்பளம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதல்ல. நியாயமாக, தாங்கக்கூடிய அளவில், கொடுத்த வாக்குப்படி கொடுப்பது எப்படி என்பதுதான்.

ஓய்வூதியம்: இன்றைய வாக்கு, நாளைய பில்

சம்பளத்தைவிடச் சிக்கலானது ஓய்வூதியம். பழைய திட்டத்தில் ஊழியர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் பாதி, அதன் மேல் அகவிலைப்படி, ஆயுள் முழுக்கக் கிடைக்கும். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம். இதற்கென்று தனியாகச் சேமித்து வைத்த நிதி கிடையாது. இன்றைய ஓய்வூதியத்தை இன்றைய வரிப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழக அரசு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் 10 சதவீதம் செலுத்துவார், அரசும் அதே அளவு செலுத்தும். சேர்ந்த தொகைக்கு ஏற்பத்தான் பலன். மாதம் இவ்வளவு என்ற உறுதி இல்லை.

இந்தத் திட்டத்தின் அரசியல் சிக்கலைக் கவனியுங்கள். 2003-ல் 25 வயதில் சேர்ந்தவர் 60 வயதில், அதாவது 2038-ல் ஓய்வு பெறுவார். புதிய திட்டத்தால் அரசுக்கு மிச்சம் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் 2030-களில்தான் வரும். அதுவரை பழைய ஓய்வூதியர்களுக்கும் கொடுக்க வேண்டும், புதியவர்களின் கணக்கிலும் பங்கு செலுத்த வேண்டும். கொண்டுவந்த ஆட்சிக்குச் சுமை மட்டும்தான், பலன் பின்னால் வரும் ஏதோ ஓர் ஆட்சிக்கு.

பழைய திட்டத்துக்குத் திரும்பினால் இது அப்படியே தலைகீழாகும். திரும்பும் ஆட்சிக்கு உடனே பங்குத்தொகை மிச்சம், ஓட்டும் கிடைக்கும். பில் வருவது இருபது வருடம் கழித்து, வேறு யாரோ ஆட்சியில் இருக்கும்போது. எந்தத் தலைவரையும் சபலப்படுத்தும் ஏற்பாடு இது.

இமாச்சலப் பிரதேசம் 2023-ல் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பியது. 2024 செப்டம்பரில் அந்த மாநில ஊழியர்களுக்கு ஒன்றாம் தேதி வர வேண்டிய சம்பளம் ஐந்தாம் தேதியும், ஓய்வூதியம் பத்தாம் தேதியும் வந்தது. அதற்கு ஓய்வூதியம் மட்டுமே காரணம் அல்ல, பல ஆண்டுக் கடனும் சேர்ந்தது. ஆனால் வாக்கும் வருமானமும் பொருந்தாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

தமிழகத்தில் 2021 தேர்தல் அறிக்கையில் பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவோம் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் கடன் சுமையைக் கணக்கிட்டுக் காட்டியது. ஓய்வூதியத்தை ஆராயக் குழு அமைத்தது 2025-ல். கடைசியில் 2026 ஜனவரி 3 அன்று, தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில், தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊழியர் 10 சதவீதம் தொடர்ந்து செலுத்துவார், கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியமாக உறுதி செய்யப்படும் என்பது அதன் சாரம். இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் ஒரு வழி என்ற அளவில் இது ஆராயத் தக்கது. ஆனால், ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த வாக்குக்கு ஆட்சியின் கடைசி மாதங்களில் விடை சொல்வது, சம்பளத்தைக் கையாளும் நல்ல முறை அல்ல.

2003: கோபத்தோடு எடுத்த முடிவு

தமிழக ஆட்சியாளர்கள் மறக்கக் கூடாத வருடம் 2003. ஓய்வூதியப் பலன்களிலும் பிற சலுகைகளிலும் அரசு கை வைத்ததை எதிர்த்து ஜூலை 2 அன்று ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா அவசரச் சட்டம் கொண்டுவந்தார். சில நாட்களில் சுமார் 1.7 லட்சம் பேர் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். நள்ளிரவில் வீடு புகுந்து கைது செய்ததும் நடந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசு ஊழியர்களுக்கு வேலை நிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்ட் 6 அன்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த வழக்கின் போக்கிலேயே பெரும்பாலானோரை மீண்டும் பணியில் சேர்க்கவும் வழி செய்தது. சட்டத்தில் அரசு வென்றது. அடுத்த ஆண்டு மே மாதம் நடந்த மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அதே மாதம் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அரசு திரும்பப் பெற்றது.

2019-ல் இதன் சிறிய பதிப்பு. போராடியவர்கள் கைது செய்யப்பட்டார்கள், இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 10,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமிப்போம் என்று அரசு எச்சரித்தது. இரண்டு வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போது, அந்த நடவடிக்கைகளையும் வழக்குகளையும் ரத்து செய்வதாக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

முதலில் தண்டிப்பது, தேர்தல் வந்தால் மன்னிப்பது. இதனால் யாருக்கு என்ன பாடம் கிடைக்கிறது? ஊழியருக்கு, நியாயத்தைவிடத் தேர்தல் தேதிதான் முக்கியம் என்ற பாடம். மக்களுக்கு, அரசு சொன்ன காரணம் எதுவும் உண்மை இல்லை என்ற பாடம். கஜானாவில் பணம் இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே அரசு, பல தட்டுகள்

அரசு ஊழியர் என்றதும் நம் மனதில் வருபவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. ஆனால் அரசின் வேலையைச் செய்பவர்களில் ஒரு பெரிய கூட்டம் அந்த மேசைக்கு அருகில்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் பெண்களைப் பாருங்கள். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இந்த வேலைகளில் முன்னுரிமை தரப்பட்டது. 2017 ஊதிய மாற்றத்தில் மற்றவர்களுக்கு அடிப்படை ஊதியம் 15,700 ரூபாயில் தொடங்கியபோது, சத்துணவு சமையல் உதவியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் 3,000 ரூபாயில் தொடங்கியது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இடைநிலை ஆசிரியர்களின் கதை வேறு. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அந்தத் தேதி முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஒரு நாள் முன்பின் சேர்ந்ததால் 3,170 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் வரும் ஒவ்வொரு உயர்விலும் இந்த வித்தியாசம் கூடவே வளர்ந்தது.

2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்றுக்கொடுப்பவர்கள். பத்து வருடத்துக்கும் மேலான போராட்டங்களுக்குப் பிறகு அது 12,500 ரூபாயை எட்டியது. இது போதுமா என்று ஒரு குடும்பத் தலைவரைக் கேட்டால் போதும்.

இதற்கும் கீழே ஒரு தட்டு உண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் போராடினார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கி வந்தவர்கள், தனியார் ஒப்பந்தத்துக்கு மாறினால் சுமார் 17,000 ரூபாய்தான் கிடைக்கும் என்ற நிலை. வேலை அதே குப்பை, அதே தெரு. முதலாளியின் பெயர் மட்டும் மாறுகிறது, சம்பளம் குறைகிறது.

நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு, அந்தப் பணியின் குறைந்தபட்ச ஊதியமாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது கருணை சார்ந்ததல்ல, உரிமை சார்ந்தது என்பதே அதன் பொருள்.

பட்டாசுத் தொழிலாளியின் கோபம் சரியான இடத்தில் விழ வேண்டுமென்றால் இந்தத் தட்டுகளை அவர் பார்க்க வேண்டும். அவர் பிள்ளைக்குச் சோறு போடும் சத்துணவுப் பணியாளர் அவரைவிடப் பெரிய வசதியில் இல்லை. இருவரும் ஏறத்தாழ ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

தலைவர்கள் தங்கள் சம்பளத்தை என்ன செய்தார்கள்?

மற்றவர் சம்பளத்தைப் பற்றிப் பேசும் தலைவர், முதலில் தன் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2017 ஜூலையில் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த நேரத்தில் தமிழக விவசாயிகள் டெல்லியில் போராடிக்கொண்டிருந்தார்கள். அரசு ஊழியர்கள் ஊதிய மாற்றத்துக்காகக் காத்திருந்தார்கள். மக்கள் பிரதிநிதிக்கு நல்ல சம்பளம் தேவைதான், இல்லையென்றால் பணக்காரர் மட்டுமே அரசியலுக்கு வர முடியும். ஆனால் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஏற்றிக்கொள்வது என்ற முறை, எந்த நியாயத்தையும் கறைப்படுத்திவிடும்.

சிங்கப்பூரில் அமைச்சர்களின் சம்பளம் உலகிலேயே அதிகம் என்று பேர் பெற்றது. 2011 தேர்தலில் மக்களின் அதிருப்தி வெளிப்பட்டதும், அரசுக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 2012-ல் பிரதமரின் சம்பளம் 36 சதவீதம் குறைக்கப்பட்டது. குறைத்த பிறகும் அது பெரிய தொகைதான். ஆனாலும், வெளியாட்கள் சொன்னதை ஏற்றுக்கொண்ட முறை கவனிக்கத் தக்கது.

நம் வரலாற்றில் இதற்கு மிகத் தெளிவான முன்மாதிரி உண்டு. துணி வணிகரான அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பிறகும் துணியோடு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று. மக்களின் பொறுப்பை ஏற்றவர் வணிகத்தில் மூழ்கினால் மக்களின் காரியம் என்னாவது என்று உமர் (ரலி) போன்ற தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து ஓர் ஊதியத்தை நிர்ணயித்தார்கள். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பொதுவேலை செய்பவருக்குக் குடும்பத்துக்குப் போதுமான ஊதியம் தரப்பட வேண்டும். அதை அவரே நிர்ணயித்துக்கொள்ளக் கூடாது.

ஸகாத் வசூலிக்கச் சென்றவர், "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும் நமக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே கேள்வி. ஊதியம் வாங்கிக்கொண்டு, சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் உரிமத்துக்கும் கை நீட்டுபவர், தன் சக ஊழியர்களின் நியாயமான கோரிக்கையையும் சேர்த்து மக்கள் மனதில் அழித்துவிடுகிறார். ஊழியர் சங்கங்கள் இதை உரக்கப் பேச வேண்டும்.

ஆட்சியாளர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, விதியை முன்கூட்டியே வகுக்க வேண்டும். ஊதிய மாற்றம் எப்போது, எந்தக் கணக்கில் என்பது தேர்தலோடும் போராட்டத்தோடும் கட்டப்படக் கூடாது. மத்திய அரசின் எட்டாவது ஊதியக் குழு இப்போது பணியில் இருக்கிறது. அதன் பரிந்துரை வரும் வரை காத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் திணறாமல், மாநிலம் தன் நிதியைக் கணக்கிட்டு இப்போதே தயாராக வேண்டும்.

இரண்டாவது, கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். ஒரு ரூபாயில் எவ்வளவு எதற்குப் போகிறது, ஓய்வூதிய வாக்கு ஒன்று இருபது வருடம் கழித்து எவ்வளவு ஆகும் என்பதை எளிய தமிழில் சொல்ல வேண்டும். ஆட்சியில் இல்லாதபோது வாக்குக் கொடுத்துவிட்டு, வந்த பிறகு கஜானா காலி என்பது எல்லாக் கட்சிகளுக்கும் பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது, உயர்வு கீழிருந்து தொடங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்றால் 2,25,000 வாங்குபவருக்குக் கிடைக்கும் உயர்வு, சமையல் உதவியாளரின் முழு ஊதியத்தையும் விழுங்கிவிடும். பணம் குறைவாக இருக்கும் வருடத்தில் அடித்தட்டுக்கு முதல் உரிமை.

நான்காவது, மறைமுகக் குறைப்பு கூடாது. 2020-ல் கொரோனா நெருக்கடியில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. ஓய்வு வயது அந்த ஆண்டு 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வுக்காலப் பணம் கொடுப்பது தள்ளிப் போனது, வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களின் காலமும் சேர்ந்து தள்ளிப் போனது. நெருக்கடியில் கடின முடிவு தேவைப்படலாம். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, போராட்டத்துக்கு முன்பே பேச வேண்டும். 2003-ம் 2019-ம் காட்டுவது இதுதான். பேச்சுவார்த்தையில் "முடியாது" என்று காரணத்தோடு சொல்வது அவமானமல்ல. கைது செய்து, பிறகு மன்னிப்பதுதான் அவமானம்.

ஆறாவது, மிக முக்கியமானது: ஒருவரைக் காட்டி மற்றவரை அடிக்கக் கூடாது. "கூலித் தொழிலாளி பட்டினி கிடக்க, உங்களுக்கு ஓய்வூதியமா?" என்று கேட்கும் ஆட்சியாளர், அந்தக் கூலித் தொழிலாளிக்கு என்ன செய்தார் என்பதே நம் எதிர்க்கேள்வி. பட்டாசு ஆலைகளில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறையாகிறதா? எல்லாத் தொழிலாளருக்கும் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா? உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வேலை செய்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? இவற்றைச் சோதிக்கப் போதுமான ஆய்வாளர்கள் இருக்கிறார்களா? அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பறித்தால் அது பட்டாசுத் தொழிலாளிக்கு வந்து சேராது.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1955-ல், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. அதுவரை தனியார் நிர்வாகத்தின் தயவில் இருந்த ஆசிரியருக்கு முதுமையில் ஒரு பிடிப்பு கிடைத்தது. அதே ஆட்சிதான் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியையும் மதிய உணவையும் கொடுத்தது. ஆசிரியரின் பாதுகாப்பையும் ஏழையின் நலனையும் ஒன்றுக்கொன்று எதிரியாக அவர் நிறுத்தவில்லை.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன?

2007 செப்டம்பரில் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதன் வழியே அரசுப் பணிக்குச் சென்ற நம் பிள்ளைகள் அனைவரும் 2003-க்குப் பின் சேர்ந்தவர்கள். அதாவது, பங்களிப்பு ஓய்வூதியத் தலைமுறை. பல காலம் அரசு வேலையை எட்டிப் பார்க்காத சமுதாயம், கதவு திறந்து உள்ளே நுழைந்தபோது, முன்பு இருந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அங்கே இல்லை. ஆகவே ஓய்வூதிய விவாதம் "அவர்களுடைய" விவகாரம் அல்ல. நம் வீட்டு ஆசிரியையின், செவிலியரின், இளநிலை உதவியாளரின் விவகாரம்.

அதே சமயம் நம்மில் பெரும்பாலோர் கூலிக்கும் கடைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு முதுமையில் எதுவும் இல்லை என்பதும் நம் வீட்டு விவகாரம்தான். ஒரே வீட்டில் அண்ணன் அரசு ஆசிரியராகவும் தம்பி தீப்பெட்டி ஆலையிலும் இருக்கலாம். அண்ணனுடைய ஓய்வூதியம் குறைந்தால் தம்பிக்குக் கூலி கூடப் போவதில்லை.

வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இனி இரண்டையும் சேர்த்துக் கேட்போம். அரசு ஊழியருக்குக் கொடுத்த வாக்குக்குப் பணம் எங்கிருந்து வரும்? பட்டாசு ஆலையில் கூலி வாங்குபவருக்கு முதுமையில் என்ன ஏற்பாடு? ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்பவரிடம் இரண்டாவதை மீண்டும் கேட்போம்.